கால் வலிக்கு எந்த டாக்டர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கால் வலி என்றாலே எல்லாரும் நரம்புச் சுருட்டல் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆயுளில் பாதியைப் பால்மரம் (ரப்பர்) வெட்டியே கழித்த அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நரம்புச் சுருட்டல், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையின் கோளாறு; நீலமாகப் புடைக்கும், நெடுநேரம் நின்றால் கனக்கும். அப்பாவுக்கோ நடந்தால் கெண்டைக்கால் இறுகும், நின்றால் விட்டுவிடும். அது தமனி அடைப்பு, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயில் அடைப்பு.

கண்டுபிடித்தவர் எங்கள் கிளினிக் டாக்டர்தான். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தார். விடை 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். உடனே ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே ரத்தநாள அறுவை நிபுணர் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. சிகரெட்டை விட வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடியும் நடக்க வேண்டும். “இவர் டாக்டரா, கங்காணியா?” என்றார் அப்பா. படுத்திருக்கும்போதே வலித்தாலோ, பாதப் புண் ஆறாமல் போனாலோ கதை வேறு. அப்போது தமனிக்குள் பலூனை விரித்து அடைப்பைத் திறப்பதோ, மாற்றுப்பாதை (பைபாஸ்) அறுவையோ தேவைப்படலாம்.

பலூன் வைப்பவர் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் கதிரியக்க நிபுணராகவும் இருக்கலாம். அது நியாயமும்கூட. 1964-ல் அமெரிக்காவின் ஓரிகனில் கால் தமனி அடைப்பைக் குழாய் செலுத்தித் திறந்த சார்லஸ் டாட்டர் கதிரியக்க மருத்துவர். இதயத் தமனியில் பலூன் விரிந்தது 1977-ல்தான்.

கால் அடைத்தவருக்கு இதயத்திலும் அடைப்பு இருக்கலாம் என்பதால் அடுத்து இதய நிபுணர். அவரும் சிகரெட்டைப் பற்றிக் கேட்பாரே என்று அப்பா இப்போதே முறைக்கிறார்.