ஆடியில் அந்தியூர் போங்கள், கேமராக்காரர்களைப் பார்க்க

இந்தக் கொங்குப் பயணத்தைக் கோவையில் தொடங்கி வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தியூரை முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் இருக்கிறது. ஆடித் திருவிழாவில் அங்கே குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கத்தியவார், மார்வார் குதிரைகள், திமில் நிமிர்ந்த காங்கேயம் காளைகள், செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மலை மாடுகள் என்று கண் நிறைந்துபோகிறது. நான் போனது இவற்றைப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான்.

கொங்குப் பக்கம் ஒரு புகைப்படக்காரரின் பிழைப்பு முகூர்த்த நாட்களை நம்பியிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம். ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை, கையில் காசும் இல்லை. அந்த மாதத்தில்தான் அந்தியூர் சந்தை கூடுகிறது! வருடம் முழுக்க மணமேடைக்கு முன்னால் நின்றவர்கள் தங்களுக்காகப் படம் எடுக்க இங்கே வந்துவிடுகிறார்கள். ஒரு வட்டாரத்தின் புகைப்படக் கலை பஞ்சாங்கத்தோடு இப்படிப் பின்னிக் கிடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோபியிலிருந்து (கோபிசெட்டிபாளையம்) வந்த கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவரோடு காலை முழுக்கச் சுற்றினேன். கையில் ஒரே கேமரா, 35 எம்எம் லென்ஸ். இவ்வளவு பெரிய சந்தைக்கு ஜூம் லென்ஸ் இல்லாமலா என்று கேட்டேன். "தூரத்துல நின்னா மாடு மட்டுந்தானுங்க்கா கிடைக்கும். மாட்டுக்காரரு கிடைக்க மாட்டாருங்க" என்றார். 35 எம்எம்மில் ஒரு முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரம் வரை போக வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போக முதலில் பழக்கம் வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். போன வருடம் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு ஒரு பையில் கொண்டுவருகிறார். வியாபாரிகளைத் தேடிப் பிடித்து அதைக் கொடுத்து, டீ குடித்து, மாட்டு விலை பேசி, அப்புறம்தான் கேமராவைத் திறக்கிறார்.

நாட்டியக் குதிரை ஆடும் இடத்தில் அவருடைய கல்யாண வேலையின் பலன் தெரிந்தது. மேளச் சத்தத்துக்குக் குதிரை முன்னங்காலைத் தூக்கும் நொடிக்கு முன்பே விரல் ஷட்டரில் இருந்தது. "தாலியை மறுபடியும் கட்டச் சொல்ல முடியாதுங்களே" என்றார். (எனக்கு அங்கே கிடைத்த பாடம் வேறு. "அம்மணி, குதிரைக்குப் பின்னால நிக்காதீங்க!" என்று ஒரு பெரியவர் போட்ட சத்தத்தில் பத்தடி தள்ளிப் போனேன்.)

அதே சந்தையில் ஒரு பயிற்சி வகுப்புக் கூட்டமும் வந்திருந்தது. வயதான மாட்டுக்காரர் ஒருவரைக் காசு கொடுத்து, வெயிலுக்கு எதிராக, புழுதி கிளம்பும்படி மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப நடக்கவிட்டார்கள். பத்துப் பேர், பத்து நீள லென்ஸ், எல்லாருக்கும் ஒரே படம். யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது நினைவுக்கு வந்தவர் மதுரையைச் சேர்ந்த புகைப்படக்காரர் பழனிகுமார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் மலக்குழி மரணங்களையும் பல வருடமாகத் தொடர்ந்து பதிவு செய்கிறவர். இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங், உலக அளவில் பெரிய புகைப்பட விருதான ஹாசல்பிளாட் விருது பெற்ற 2022இல், தயானிதா பெயரில், கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணைய இதழ் தொடங்கிய ஆவணப் புகைப்பட விருதை முதலில் வாங்கியவர். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதுதான் பழனிகுமார் படங்களின் பலம். கோபிக்காரர் பிரிண்ட் பையோடு செய்வதும் அதைத்தான்.

பஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஈரோட்டிலிருந்து பவானி வழியாகப் போகும் பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். கேமரா பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். அறை வாடகையோ அந்த வாரம் எகிறிவிடுகிறது. நான் கேட்ட ஒரு லாட்ஜில் சாதா அறைக்கு 1,800 சொன்னார்கள், ஜன்னல்கூடக் கிடையாது. ஈரோட்டிலேயே தங்கிக்கொண்டேன். அதில் ஒரு லாபம், ஆற்றைத் தாண்டினால் பள்ளிபாளையம். பள்ளிபாளையம் சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும். மசாலாப் பொடி கிடையாது. விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். கண்ணில் நீர் வர வர இரண்டாவது பிளேட் வாங்கினேன். பட்ஜெட் அங்கே உடைந்தது, வருத்தமே இல்லை.

கோவையில் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உக்கடம் போக ரயில் நிலையத்தில் ஆட்டோ கேட்டால் 250 ரூபாய் என்றார்கள். கூப்பிடு தூரத்துக்கு 250! டவுன் பஸ் ஏறிப் போய்விட்டேன். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிய ஓவியங்கள். சென்னை கண்ணகி நகரில் வரைந்த, பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டும் அதே ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பின் ஏற்பாடு. துணி காயும் பால்கனிக்குப் பக்கத்தில் ஓவியத்தைப் பார்ப்பது எந்த கேலரியிலும் கிடைக்காத அனுபவம்.

இவ்வளவு பெரிய அளவில் வரைவது கோவைக்குப் புதிதில்லை. சினிமா பேனர் காலத்தில் சின்ன ஸ்டில் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி, முகத்தைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. தலைமுறையாகப் பேனர் வரைந்த குடும்பத்திலிருந்து வந்த கோவை ஓவியர் ஜீவா, உருவப்படங்கள், புத்தக அட்டைகள் என்று தூரிகையைக் கீழே வைக்காமல் தொடர்ந்தார். சினிமா பற்றி அவர் எழுதிய நூலுக்குத் தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரமும் கிடைத்தது. கூலி வேலை நின்ற இடத்தில் ஒரு கலைஞர் என்ன செய்கிறார் என்பதுதான் இந்தப் பயணம் முழுக்க எனக்குள் ஓடிய கேள்வி. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு ஜீவா செய்ததும், ஆடி மாதத்தில் கோபிக்காரர் செய்வதும் எனக்கு ஒரே ரகமாகத்தான் தெரிகின்றன.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறரைக்குள் சந்தைக்குள் இருங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் கொல்லும். தண்ணீர், தொப்பி, சில்லறை கட்டாயம். குதிரைச் சவாரிக்கு முன்பே விலை பேசிவிடுங்கள். ஆடியைத் தவறவிட்டால் சித்திரையில் காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை இருக்கிறது. கோபிக்காரர் அங்கேயும் வருவாராம், அந்த வாரம் கல்யாண ஆர்டர் விழாவிட்டால்.