தேசி மணக்கும் கூடாரம்

புரட்டாதி மாதத்து இரவு. ஹோட்டல் குசினியில் கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பின்வளவுக்குள் கால் வைக்கிறேன், தேசிக்காய் மணம் மூக்கில் அடிக்கிறது. பிழிந்த புளியின் மணமில்லை. பச்சைத் தேசிக்காயின் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்த மணம். இது வன்கூவர் தீவின் மேற்குக் கரை, ரொஃபினோ. நடுக்கோடையிலும் பகல் வெக்கை இருபது பாகையைத் தொட யோசிக்கிற ஊர். இங்கே ஆர் தேசி நட்டது?

மணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வேலியோரத்தில் வீட்டுச் சொந்தக்கார மனுசியின் பொலித்தீன் கூடாரம். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம். ஃபோன் லைற்றை அடித்துப் பார்த்தேன். என் உயரத்துக்கு நாலு கஞ்சாச் செடி.

உடனே லைற்றை நூர்த்துவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். இந்த நாட்டுப் பாஸ்போட் லாச்சிக்குள் கிடக்கிறது. என்றாலும் பழைய பயம் இன்னும் சட்டைப் பைக்குள்தான்.

விடிய மனுசி கோப்பியோடு வந்து சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினா. 2018 ஒக்ரோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டத்துக்கு உட்பட்டது. கூப்பன் கடையில் சீனி அளந்த மாதிரி வீட்டுக்கு நாலு செடி. ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. தெருவால் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் விதி, அதற்குத்தான் வேலியோரம். அப்படியென்றால் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிற எனக்கும் சேர்த்துத்தானே அந்த நாலு? என் பங்கு எங்கே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தேசித் தோலில் இருக்கிற லிமோனீன் என்ற எண்ணெய்தான் இந்தப் பூவின் பிசினிலும் ஊறுகிறதாம். மனுசி முன்பு வைத்தது சூப்பர் லெமன் ஹேஸ். 2008, 2009 என்று அடுத்தடுத்து ஆம்ஸ்ரடாம் கஞ்சாக் கோப்பையை வென்ற பேர்போன இனம். ஹேஸ் வம்சத்தில் தாய்லாந்து, கொலம்பியா, தென்னிந்தியா என்று சூட்டு நாட்டுச் செடிகள் கலந்திருக்கின்றன என்று வளர்க்கிற ஆட்கள் சொல்லுவினம். எங்கள் யாழ்ப்பாணத்தில் பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய சரிபாதி. மிஞ்சினால் ஒரு மணித்தியாலம் கூடிக் குறையும். இங்கே ஆனியில் பகல் பதினாறு மணித்தியாலம். இரவு நீளும்வரை இந்தச் செடி இலையாகத் தள்ளிக்கொண்டு நிற்கும், ஆவணியில்தான் பூக்கத் தொடங்கும். ஹேஸ் முற்ற ஒக்ரோபர் பிந்திவிடும். ஒக்ரோபர் என்றால் பசிபிக் கடல் எழும்பி வந்து கூரையில் ஏறுகிற மாதம். அந்த முறை எல்லாம் அழுகிப்போனதாம். இப்போது நிற்பது சீக்கிரம் பூக்கிற ஒரு கலப்பினம். மணம் மட்டும் தேசியாக இருக்க வேண்டும் என்பதில் மனுசிக்குப் பிடிவாதம்.

எங்கோ வெயில் நாட்டிலிருந்து வந்து குளிரில் நிற்கிற செடி என்றதும் அதையும் என்னையும் ஒன்றாக வைத்து ஒரு கவிதை எழுதச் சிநேகிதன் ஒருவன் ஸ்காபரோவிலிருந்து சொன்னான். அவனுக்கு அங்கே தெருவுக்குத் தெரு கொத்துரொட்டிக் கடை, கவிதையும் வரும். நான் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு நனைமோ வரை மூன்று மணித்தியாலம் மலைப்பாதையில் கார் ஓட வேண்டும்.

மற்றப்படி எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. மழைக்குக் குடை பிடிப்பதில்லை. எதிரில் கரடி வந்தால் ஓடாமல் மெல்லப் பின்வாங்கத் தெரியும். தமிழன் என்றதும் “2010இல் எஸ்குவிமால்ட்டுக்கு வந்த கப்பலோ?” என்று கேட்கிறவர்களுக்கு, அதில் அடைக்கலம் கேட்டு வந்த 492 தமிழரில் நான் இல்லை, நான் பிளேனில் வந்தனான் என்று கோபப்படாமல் சொல்லவும் பழகியாச்சு.

பழகாதது இந்த ஈரம் ஒன்றுதான். ரொஃபினோவில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்துக்கு விழுகிறதைவிட இரண்டு மடங்குக்கும் கூட. அதற்காக நான் முறையிடவில்லை. எங்கள் கார்த்திகை மாரி அடித்துக் கொட்டி, ஒழுங்கையை வாய்க்காலாக்கி, கிணற்றை மேலே கொண்டுவந்துவிட்டு ஓயும். அடுத்த நாள் வெயில் எறிக்கும், கொடியில் உடுப்புக் காயும். இங்கே மழை இல்லாத நாளிலும் கடற்புகார் இறங்கி வந்து யன்னலில் குந்தியிருக்கும். துவாய் காயாது. உப்புப் போத்தல் கட்டிபடும். அலுமாரிக்குள் கல்யாணச் சப்பாத்தில் பச்சைப் பூஞ்சணம். சப்பாத்தை வாங்கிய கடை பெரியகடைத் தெருவில் இருந்தது. வாசலில் ஒரு கச்சான்காரி, எப்போது போனாலும் நித்திரையில்... சரி, அது கிடக்கட்டும்.

அந்த ஈரந்தான் செடிக்கும் எமன். மனுசி விக்ரோறியாவிலிருக்கிற மகளிடம் போனபோது காவல் என் தலையில். காலையில் எழும்பினதும் தண்டைப் பிடித்து மெல்ல உலுப்ப வேண்டும், பனித்தண்ணி சொரியும். பிறகு ஒவ்வொரு பூக்கொத்தாகப் பார்க்க வேண்டும். எல்லாம் பச்சையாக இருக்கும், நடுவில் ஒரேயொரு சின்ன இலை மஞ்சளாகிச் சோர்ந்திருக்கும். அதை இழுத்தால் பிடிமானமே இல்லாமல் கையோடு வந்துவிடும். விரித்துப் பார்த்தால் உள்தண்டு மண்ணிறத்தில் கூழாகி, மேலே சாம்பல் நிறப் பொடி. பொற்றைற்றிஸ். ஸ்ரோபெரிப் பழத்தைத் தின்கிற அதே பூஞ்சணம். பூக்கொத்து எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவுக்கு ஈரம் உள்ளே தங்கும். ஆகத் திறமான கொத்துத்தான் முதலில் அழுகும். மூச்சை அடக்கிக்கொண்டு, பொடி பறக்காமல், நல்ல தண்டுவரை இறக்கி வெட்டிப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததில் வைக்கலாம்.

தப்பினதை ஒக்ரோபர் தொடக்கத்தில் வெட்டினோம். வெயிலில் போடுவோமா என்று கேட்டேன். மனுசி நெஞ்சில் கையை வைத்தா. வெளிச்சமும் சூடும் பட்டால் மணம் பறந்துவிடும். இருட்டறை, இருபது பாகைக்குள், ஈரப்பதம் அறுபது வீதம், தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஈரம் உறிஞ்சுகிற மெசின் இரவு பகலாக ஓடியது. கழுவுகிற அறைக் கதவைத் திறந்தால் வீடு முழுக்கத் தேசி.

எங்களுக்கு வெயில் படாமல் காய்ந்த சாமான் எது? மிளகாய், ஒடியல், கருவாடு. தேசிக்காயை நாலாய்ப் பிளந்து, அடி விடாமல், உப்பு அடைத்து, சுளகில் பரப்பி அம்மா முற்றத்தில் வைப்பா. காகம் கலைக்கிற வேலை எனக்கு. நிழல் நகர நகரச் சுளகும் நகரும். தோல் மண்ணிறமாகச் சுருண்டு வர, ஒரு துண்டைக் களவாய் எடுத்து வாயில் போட்டால் பல் கூசும். இங்கே கடையில் கிடக்கிற விதையில்லாத் தேசிக்காயை அப்படிச் செய்து யன்னலோரம் வைத்துப் பார்த்தேன். காயவில்லை, யோசித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவணில் வைத்தேன். அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் கூடாரத்தைக் காட்டியது அவசரப் புத்திதான்.

“வடிவான செடி. என்ன தம்பி இது?”

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இஞ்ச மாதகல் கரையில கேரளக் கஞ்சா பிடிச்சது எண்டு பேப்பரில கிழமைக்குக் கிழமை போடுறான். நீ அங்க உலுப்பி உலுப்பி வளக்கிறாய்.”

“எங்கடை இல்லையம்மா. வீட்டுக்கார மனுசியின்ர. அவவுக்கு முழங்கால் வருத்தம், எண்ணெய் காய்ச்சிப் பூசுறவா.”

“முழங்காலுக்கோ?” அம்மாவின் குரல் மாறியது. “கேக்குதாமோ?”

“கேக்குதெண்டுதான் சொல்லுறா.”

“கொஞ்சம் அனுப்பேலாதோ?”

ஒரு சொட்டு நாட்டை விட்டு வெளியே போனாலும் குற்றம், உங்கே வந்தால் உங்களைத்தான் கூட்டிலே போடுவாங்கள் என்று விளங்கப்படுத்தினேன். அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“சரி விடு, எனக்குப் பூசச் சித்தாலேபத் தைலம் இருக்கு. உந்த ஈரத்துக்க பாவம் அந்த மனுசி. ரெண்டு டப்பி அனுப்பிவிடட்டே? அங்க அதுக்குப் பொலிஸ் ஒண்டும் வராதே?”