289 மஸ்டாங்குக்கு 3.50 ரேஷியோ: ஆக்ஸிலைத் தொடும் முன் கணக்கு

1967 மஸ்டாங், 289 எஞ்சின், இரட்டை பேரல் கார்புரேட்டர் என்றால் பின்னால் இருப்பது ஃபோர்டின் 8 இன்ச் ஆக்ஸில்தான் (அந்த அளவு, உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் விட்டம்). ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, பெரும்பாலும் 3.00 அல்லது அதற்கும் கீழே. சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்பலாக இருக்கிறது என்று சொல்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே 9 இன்ச் ஆக்ஸில் தேடப் போகிறார்கள். இழுவையைக் கூட்டுவது ரேஷியோ. பெரிய ஆக்ஸில் உடையாமல் தாங்கும், அவ்வளவே.

26 இன்ச் உயர டயர், 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 803 முறை சுற்றும். அதை ரேஷியோவால் பெருக்குங்கள். 3.00-க்கு 2,410 ஆர்.பி.எம்., 3.50-க்கு 2,810, 4.11-க்கு 3,300. டாப்லோடர் நான்கு கியர் பெட்டியிலும் சி-4 ஆட்டோமேட்டிக்கிலும் கடைசி கியர் நேர் ஒன்றுக்கு ஒன்று. அதனால் எஞ்சினும் இதே சுற்றில்தான் ஓடும். ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் வழுக்கலுக்குக் கொஞ்சம் கூடும். 4.11 போட்டுவிட்டு நெடுஞ்சாலையில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டாம். 2.78 முதல் கியர் உள்ள டாப்லோடரில் 3.00 சேர்ந்தால் மொத்தம் 8.3, 3.50 சேர்ந்தால் 9.7. கிளம்பும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். 3.70-க்கு மேல் போக ஆசைப்பட்டால் ஓவர்டிரைவ் வேண்டும்: டி-5 பெட்டியின் 0.68 ஐந்தாவது கியரில் 3.70-ம் 100 கி.மீ.க்கு 2,020-ல் அடங்கிவிடும்.

சாதாரண 289, சாலை டயர் என்றால் 8 இன்ச்சே போதும். கிரவுன்-பினியனை (ரேஷியோவைத் தீர்மானிக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) மட்டும் மாற்றுங்கள். ஃபேக்டரியே 390 ஜி.டி.க்கும் ஹை-பெர்ஃபார்மன்ஸ் 289-க்கும்தான் 9 இன்ச் கொடுத்தது. பெரிய எஞ்சின், ஒட்டும் டயர், கிளட்சைச் சட்டென விடும் கால் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 9 இன்ச்சுக்குச் செலவு செய்யலாம்.

வாங்கும்போது டேப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீல் பொருந்தும் முகத்திலிருந்து முகம் வரை 1965-66 மஸ்டாங்குக்கு 57.25 இன்ச், 1967-70-க்கு 59.25, 1971-73-க்கு 61.25. எஃப்-100 பிக்கப்பிலிருந்து மலிவாகக் கிடைக்கும் ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) மிக அகலம். வெட்டிக் குறுக்கும் கூலியில் லாபம் போய்விடும். லிங்கன் வெர்சாயில்ஸ் ஹவுசிங் சுமார் 58.5 இன்ச், டிஸ்க் பிரேக்கோடு வரும்; அதனால்தான் அதற்குக் கிராக்கி. விற்பவர் 9 இன்ச் என்று சொன்னால் சாக்கெட்டை எடுத்து கேரியரின், அதாவது பல்சக்கரங்களைத் தாங்கும் முன்பக்கப் பகுதியின், அடி நட்டுகளில் மாட்டிப் பாருங்கள். நேராக உட்கார்ந்தால் அது 8 இன்ச். 9 இன்ச்சில் அங்கே இடம் போதாது, ஸ்பானர்தான் நுழையும். அடுத்து ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்ட் முனையிலுள்ள வரிப்பற்கள்: 28, 31 என இரண்டு வகை. கேரியரும் ஆக்ஸில் ஷாஃப்டும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால் உள்ளேயே போகாது. ஹவுசிங் முனை பேரிங்கின் வெளிவிட்டமும் 2.835, 3.150 இன்ச் என்று மாறும். பிரேக் தட்டு அதைப் பொறுத்தது.

கழற்றுவது எளிது. டிரம்மை எடுத்து, ஆக்ஸில் ஃபிளான்ஜ் ஓட்டை வழியே பக்கத்துக்கு நான்கு நட்டுகளை விட்டு, ஸ்லைட் ஹாமரால் ஷாஃப்டை இழுத்து, கேரியரின் நட்டுகளைக் கழற்றினால் டிஃபரன்ஷியல் முழுதாக முன்பக்கம் வந்துவிடும். கனம் அதிகம், கீழே ஜாக் வையுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகளுக்கு அடியில் செம்பு வாஷர் போடாவிட்டால் ஸ்டட் வழியாக ஆயில் கசியும்.

வேலையே மேஜையில்தான். 9 இன்ச்சில் பினியனின் ஆழத்தை, பினியன் ரிடெய்னருக்கும் கேஸுக்கும் இடையிலுள்ள ஷிம் (அளவுத் தகடு) தீர்மானிக்கிறது. மெல்லிய ஷிம் போட்டால் பினியன் கிரவுனை நெருங்கும், தடித்தது விலக்கும். பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் நுனியை ஒட்டி விழுந்தால் பினியன் தள்ளி இருக்கிறது, வேரை ஒட்டி விழுந்தால் ரொம்ப உள்ளே. ஷிம்மைச் சரிசெய்த பிறகே பக்கவாட்டு அட்ஜஸ்டரைத் திருப்பி பற்களுக்கிடையே பிளே வைக்க வேண்டும்: புதிய கியருக்கு 0.008 முதல் 0.012 இன்ச், கிரவுனைச் சுற்றி நாலைந்து இடத்தில் டயல் கேஜால். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் பெரிதாக மாறினால் கிரவுன் உட்காரும் முகத்தில் பிசிறோ அழுக்கோ இருக்கிறது.

பினியன் நட்டில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். புது பேரிங்குக்குச் சுழலும் இறுக்கம் 20-25 இன்ச்-பவுண்டு வர வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் கிரஷ் ஸ்லீவ் என்ற சிறு குழாய் நசுங்க ஆரம்பித்ததும் அளவு மளமளவென்று ஏறும். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்காதீர்கள். நசுங்கிய ஸ்லீவ் மீண்டும் நிமிராது, பேரிங் தளர்ந்து ஓடிக் கெடும். புது ஸ்லீவ் போட்டு ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள். 9 இன்ச்சில் கிரவுன் போல்ட்டுகளுக்கு 70 அடி-பவுண்டு, சிவப்பு லாக்டைட். பழைய ஃபேக்டரி 3.00 (39க்கு 13), 3.50 (35க்கு 10) செட்டுகளில் பற்களில் குறி இருக்கும். அதே பற்கள் மீண்டும் மீண்டும் சந்திக்கும் என்பதால் குறிகளைச் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊளைச் சத்தம் கேட்கும்.

ஹவுசிங்கே மாறியிருந்தால் ஸ்பிரிங் பட்டை உட்காரும் தளங்களுக்கு முதலில் பொட்டு வெல்ட் மட்டும் வைத்து, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு கோணம் பாருங்கள். கியர்பெட்டிக் கோட்டுக்கு இணையாக வைத்து, அதிலிருந்து 2-3 டிகிரி பினியன் மூக்கு கீழே. ஒரே மூச்சில் வெல்ட் அடித்தால் குழாய் வளையும், விட்டுவிட்டு அடியுங்கள். டிரைவ் ஷாஃப்ட் நீளத்தை அந்த நிலையில் அளந்துதான் வெட்ட வேண்டும், முன் யோக் முக்கால் முதல் ஒரு இன்ச் வெளியே நிற்க வேண்டும். யூ-ஜாயின்ட் அளவு 1310-ஆ 1330-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைக்கும் ஜாயின்ட் கடையில் உண்டு.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 3.00-லிருந்து 3.50-க்குப் போனால், ஸ்பீடோமீட்டர் கேபிளில் 18 பல் கியர் இருந்த இடத்தில் 21 பல் போட வேண்டும். பிரேக் டீ பிளாக்கைப் பிடித்திருக்கும் துளையுள்ள போல்ட்தான் ஆக்ஸிலின் மூச்சுக்குழல். அது அடைத்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஆயில் பிரேக் டிரம்முக்குள் வரும்.

9 இன்ச்சுக்குச் சுமார் 2.4 லிட்டர் ஜி.எல்.-5 ஆயில், கிளட்ச் வகை டிராக்ஷன்-லாக் (இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பகிரும் டிஃபரன்ஷியல்) என்றால் ஃபிரிக்ஷன் மாடிஃபையரும். முதல் 25 கி.மீ. மெதுவாக ஓட்டி, தொட்டால் சுடாத வரை ஆறவிட்டு, மறுபடியும் அப்படியே ஓட்டுங்கள். புது பற்கள் சூடேறினால் கடினத்தை இழக்கும். 800 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள். இந்த ஹவுசிங்கில் டிரெய்ன் பிளக் கிடையாது, ஃபில்லர் ஓட்டை வழியாக பம்பால் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.