பூச்சி அரித்த புளியங்கட்டையில் ஒரு பேனா

சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்தில் ஒரு துண்டு விறகுக்கடைக்குப் போய், அங்கிருந்து என் கைக்கு வந்தது. புளியில் நடு வைரம் கருஞ்சிவப்பாக இரும்பு மாதிரி இருக்கும், சுற்றியுள்ள வெளுப்பைத்தான் பூச்சி விட்டுவைக்காது. பேனாவுக்காக 20 மி.மீ. சதுரம், 13 செ.மீ. நீளத்தில் அறுத்த கட்டைகளில் ஒன்றில், வைரமும் வெளுப்பும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் பொந்து, அதிலிருந்து கிளம்பிப் பாதிக் கட்டை வரை ஓடும் விரிசல், போதாததற்குக் குண்டூசி குத்தினாற்போலப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள்.

தெருமுனை ஆசாரியிடம் காட்டினேன். “ஃபெவிகால்ல மரத்தூளக் குழைச்சுப் பட்டி பாத்துருங்க தம்பி, தெரியாது” என்றார். கலர் ரெசின், அதாவது ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின், ஊற்றப் போகிறேன் அண்ணே என்றதும் சிரித்துவிட்டார். “ஓட்டைய மறைக்கத்தான் பட்டி. நீங்க அதுக்கு ஜோடனை பண்றீங்க!”

ஜோடனைக்கு முன்னால் காய வைக்க வேண்டும். ஊற்றுகிற அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான், நானும் விட்டிருக்கிறேன். பாலியூரித்தேன் ரெசின் ஈர மரத்தைத் தொட்டால் இட்லி மாவு மாதிரி பொங்கிவிடும். எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் அவ்வளவு கோபக்காரன் இல்லை என்றாலும், மரம் பிறகு காய்ந்து சுருங்கும்போது ரெசின் கூடவே சுருங்காது, சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி விட்டுவிடும். பழைய ஓ.டி.ஜி. அடுப்பில் 100 டிகிரியில் வைத்து அவ்வப்போது எடுத்து எடை பார்த்தேன். 48 கிராம் இருந்தது 43-க்கு இறங்கி அங்கேயே நின்றது. ஆறியதும் ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டேன், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை மறுபடி குடித்துவிடும்.

குண்டூசி ஓட்டைகளுக்கு ரெசின் எதற்கு? காபித்தூளைப் பல்குச்சியால் திணித்து, தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டால் கல்லாகிவிடும். அதே க்ளூவைப் பொந்தின் உள்சுவரிலும் தடவினேன், சாயம் வெளுப்புப் பக்கம் ஊறிப் போகாமல் இருக்க.

நிறம் என்றாலே ஊரெல்லாம் நீலம். மரத்துக்கு நடுவே நீல ஆறு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. கருஞ்சிவப்பு வைரத்துக்குப் பக்கத்தில் களிம்பேறிய செம்பின் பச்சை எடுக்கும் என்று தோன்றியது. மைக்கா பொடியில் பச்சையும் துளி தங்கமும் கலந்தேன். இந்த மைக்காவில் ஒரு தொல்லை, ரெசின் தண்ணியாக இருக்கும்போது ஊற்றினால் மினுமினுப்பு முழுக்க அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தேன் பதத்துக்கு இறுகும்வரை காத்திருந்தாலோ விரிசலுக்குள் இறங்காது. அதனால் கொஞ்சம் கெட்டியானதும் ஊற்றி, கட்டை இருக்கும் சிலிக்கான் அச்சோடு பிரஷர் பானைக்குள் வைத்து 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றேற்றி மறுநாள் வரை விட்டேன். குமிழி வெளியே போவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். (இதற்குச் சமையல் குக்கரை எடுத்துவிடாதீர்கள். அது 15 பி.எஸ்.ஐ. அளவிலேயே விசிலடித்துவிடும், அதற்கு மேல் தாங்கச் செய்ததல்ல.) ஒன்று சொல்ல மறந்தேன், மரம் ரெசினில் மிதக்கும், கட்டை மேலெழாதபடி அச்சின் அடியில் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இதெல்லாம் இரண்டாவது முயற்சியில் நடந்தது. முதல் கட்டையில், புட்டியில் ‘அளவில் இரண்டுக்கு ஒன்று’ என்று போட்டிருந்ததை நான் தராசில் 20 கிராம், 10 கிராம் என்று நிறுத்துக் கலந்தேன். ரெசின் கனம், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் லேசு, ஆக ஹார்டனர் கூடிப்போய் மூன்று நாள் கழித்தும் நகம் பதிந்தது. குப்பைக்குப் போயிற்று.

7 மி.மீ. துளை போடும்போது அவசரப்படக் கூடாது. துளைக்கும் சூட்டில் ரெசின் இளகும், மறுமுனையில் பிட் வெளிவரும் இடத்தில் சில்லு பெயரும். நான் கட்டையைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, முழுக்கத் துளைக்காமல் நிறுத்தி, முனையை அறுத்தெடுத்தேன். அப்புறம் ரீஃபில் அமரும் பித்தளைக் குழாயை அந்தத் துளைக்குள் அப்படியே ஒட்டினால், கடைசல் முடிந்து ரெசின் மெலிந்ததும் உள்ளிருந்து மஞ்சளாகப் பல்லிளிக்கும். குழாய்க்கு மேலேயும் துளைக்கு உள்ளேயும் அதே பச்சைப் பெயின்ட் அடித்துக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

லேத்தில் உளி கூராக இருந்தால் ரெசின் ஈர நாடாவாகச் சுருண்டு வரும், மழுங்கியிருந்தால் தூளாகச் சிதறும், அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். உப்புத்தாளை ஈரத்தோடு தேய்க்கும் முன் மொத்தக் கட்டைக்கும் மெல்லிய க்ளூ ஒரு கோட் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் பச்சைச் சேறு வெளுப்பின் துவாரங்களில் புகுந்துகொள்ளும், பிறகு எது செய்தாலும் போகாது.

பேனாவை ஆசாரியிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மரமும் பச்சையும் சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தை முன்னும் பின்னும் இழுத்தார். “தட்டலையே” என்றார். அங்கே கிடந்த பலகையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, பென்சில் செருகும் காதில் அதைச் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு வாரமாகிறது, நான் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.