மூன்று சாத்துக்குடி, ஒரு டம்ளர்

மும்பையில், செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் சாத்துக்குடி என்று கேட்டால் பலருக்கும் புரியாது, மோசம்பி என்று கேட்க வேண்டும். அத்தை திருநெல்வேலியிலிருந்து வந்த மறுநாளே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு, பேத்திக்காக இரண்டு கிலோ வாங்கி வந்தார். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குப் பாப்பாவுக்கு ஒரு டம்ளர் ஜூஸ். அவளுக்கு ஒன்றரை வயது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள்.

பத்து நாளில் மதியச் சாப்பாடு நின்றுபோனது. பருப்பு சாதத்தைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். மலச்சிக்கலுக்கு நல்லது என்றுதான் அத்தை ஆரம்பித்தார், அதுவும் சரியாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பிழிந்து பார்த்தேன். 200 மில்லி டம்ளர் நிறைய மூன்று பழம் வேண்டியிருந்தது. உரித்துக் கொடுத்தால் பாப்பா பாதிப் பழம் தின்பதே அதிகம். 100 மில்லிக்குச் சுமார் 8 கிராம் சர்க்கரை என்று வைத்தாலும், ஒரு டம்ளரில் 16 கிராம், அதாவது நாலு டீஸ்பூன். பழத்தில் இயற்கையாக இருப்பதுதான், ஆனால் அதோடு வரவேண்டிய நார் பெரும்பாலும் வடிகட்டியில் தங்கிவிட்டது. அதைக் குப்பையில் கொட்டும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது வரை ஜூஸே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 125 மில்லிக்கு மேல் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2017-இல் கொஞ்சம் தளர்த்தியே சொன்னார்கள்: ஒரு வயது வரை கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வயது வரை அதிகபட்சம் 120 மில்லி. எதை எடுத்துக்கொண்டாலும் எங்கள் டம்ளர் அதிகம்தான்.

அத்தையிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, நான் என்ன பாக்கெட்டா வாங்கிக் குடுக்கேன்? வீட்டுல பிழிஞ்சதுதான?"

நியாயமான கேள்வி. பாக்கெட் ஜூஸை நாங்கள் வீட்டுக்குள் விட்டதே இல்லை. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துச் செய்வதை '100% பழச்சாறு' என்று போடக்கூடாது என்று 2024-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. ஆனால் வீட்டில் பிழிந்தாலும் சர்க்கரை குறையாதே.

"இவ அப்பனுக்கு எட்டு மாசத்துலயே குடுத்தேன், நல்லாத்தான வளர்ந்தான்" என்றார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு ஸ்பூன். வெந்நி கலந்து சங்குல."

அந்த ரெண்டு ஸ்பூனில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கையால் பிழிந்த காலத்தில் ஒரு பழத்தில் கொஞ்சம் சாறுதான் கிடைக்கும். போன வருஷம் நாங்கள் வாங்கிய மின்சார ஜூஸர் ஒரு நிமிஷத்தில் மூன்று பழத்தைச் சக்கையாக்கித் தருகிறது. அத்தை புதிதாக எதுவும் செய்யவில்லை, மெஷின்தான் அளவை மாற்றிவிட்டது. இதை அவரிடம் சொன்னபோது முகம் தெளிந்தது. ஜூஸரைத் துடைத்து, அவரே பரணில் ஏற்றச் சொன்னார்.

இப்போதும் பதினோரு மணி அவர்களுடையதுதான். பால்கனியில் பாய் விரித்து ஆச்சி சுளை உரிப்பார். மேல்தோலையும் விதையையும் எடுத்துவிட்டு, தொண்டையில் சிக்காதபடி சின்னதாகப் பிய்த்து உள்ளங்கையில் வைப்பார். பாப்பா ஒவ்வொன்றாக எடுத்து, நசுக்கி, பாதியைப் பாயில் தேய்த்து, மீதியைத் தின்பாள். அரைப் பழத்துக்கு அரை மணி நேரம். ஒரு வாரத்தில் பருப்பு சாதத்துக்கு மறுபடி வாய் திறந்தாள்.

ஆகஸ்டில் அவளுக்கு இரண்டு வயது முடிகிறது. "அன்னைக்கு மட்டும் அரை டம்ளர் குடுக்கலாமா?" என்று நேற்று அத்தை கேட்டார். சரி என்றேன். கையால்தான் பிழிவேன் என்று சொல்லியிருக்கிறார்.