டொராண்டோவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: நான் போன வழி

கனடாவுக்குக் கிளம்பத் தயாராகும் இங்கிலீஷ் எம்.ஏ.க்காரர்கள் அடிக்கடி எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். "அக்கா, இங்கே காலேஜில் லெக்சரரா இருக்கேன். அங்கே வந்தா டீச்சிங் வேலை கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் மில்டனும் ஹார்டியும் நடத்த யாரும் கூப்பிட மாட்டார்கள். குடியேறி வந்தவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்றுக்கொடுப்பதுதான் நமக்கு இங்கே திறந்திருக்கும் கதவு. நான் அப்படித்தான் நுழைந்தேன். ஆளாளுக்கு வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். எல்லாம் ஒன்டாரியோ கணக்கு. மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

எல்லோருக்கும் வருகிற முதல் குழப்பம் பி.எட். அரசுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடத்துவதென்றால்தான் அது வேண்டும். கூடவே ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ் தரும் உரிமமும் வேண்டும். (பெயரில்தான் காலேஜ், அங்கே யாரும் படிப்பதில்லை. அது உரிமம் தரும் அமைப்பு.) பெரியவர்களுக்கு நடத்த இது எதுவும் தேவையில்லை. 1972இல் தொடங்கிய டெஸல் ஒன்டாரியோ என்ற ஆசிரியர் சங்கம் ஓசெல்ட் என்று ஒரு சான்றிதழ் தருகிறது. பெரும்பாலான இடங்களில் கேட்பது அதைத்தான். அதை வாங்க வேண்டியவை: ஒரு பட்டம், சங்கம் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பு, அதோடு சேர்ந்த வகுப்பறைப் பயிற்சி, ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஆதாரம். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

என் பட்டத்தை இங்கே உள்ளவர்கள் நம்ப வேண்டுமென்றால் வெஸ் போன்ற ஒரு நிறுவனம் அதை மதிப்பிட்டுத் தர வேண்டும். அதற்கு நான் படித்த பல்கலைக்கழகம் ட்ரான்ஸ்கிரிப்டைக் கவரில் போட்டு, ஒட்டிய மடிப்பின் மேல் சீல் குத்தி, கையெழுத்தும் போட்டு நேராக அனுப்ப வேண்டும். நான் டொராண்டோவில். ஊரில் அப்பா என் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு தேர்வுத் துறை வாசலில் நின்றார். "பொண்ணு ஏன் வரல?" என்று கேட்டவரிடம், பொண்ணு வர முடிந்தால் இந்தக் கவரே எதற்கு என்று கேட்காமல் பொறுமையாக விளக்கினாராம். சீலை மடிப்பில் குத்தாமல் முகவரிப் பக்கத்தில் குத்திக் கொடுத்தார்கள். அப்பா பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த மாதிரி விஷயங்களில் விடமாட்டார். திரும்ப வரிசையில் நின்று வேறு கவர் வாங்கி, மடிப்பில் குத்த வைத்துத்தான் வீட்டுக்குப் போனார். பி.ஏ. மூன்று வருஷம் என்பதால் சில இடங்களில் அதை முழுப் பட்டமாக எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள். மேலே எம்.ஏ. இருந்ததால் எனக்கு அந்தத் தலைவலி வரவில்லை.

ஆங்கிலத் தேர்ச்சியில் ஒரு சங்கடம் இருந்தது. பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமைக்காக எழுதியது ஐஇஎல்டிஎஸ் ஜெனரல். பயிற்சிக் கல்லூரி அகாடமிக் கேட்டது. அந்த மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும் என்பது வேறு. காலேஜில் இங்கிலீஷ் நடத்தியவள் இன்னொரு முறை பணம் கட்டி "உங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள்" என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, எழுதிவிடுங்கள்.

பயிற்சி மாலை வகுப்பு. பகலில் ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் நின்றேன். நம் ஊர்க் காலேஜில் டீச்சர் பேசுவார், பிள்ளைகள் நோட்ஸ் எடுப்பார்கள். இங்கே அப்படியே தலைகீழ். டீச்சர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நல்ல வகுப்பு. என் பாடத்தைப் பார்வையிட்ட அம்மையார், நான் பேசிய நேரத்தையும் மாணவர்கள் பேசிய நேரத்தையும் ஒரு தாளில் தனித்தனியாகக் குறித்துக் காட்டுவார். 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' என்ற சொல்லையே உச்சரிக்காமல், நேற்று என்று சொல்லிவிட்டால் 'ஐ ஹேவ் சீன்' ஏன் வராது என்பதை ஆரம்பநிலை ஆளுக்கு ஒரு காலக்கோடு வரைந்து இரண்டு நிமிஷத்தில் புரியவைக்க வேண்டும். எம்.ஏ.வில் இதற்கெல்லாம் உதவி இல்லை. ஸ்கூலில் தமிழ் ஐயா வேற்றுமை உருபு நடத்திய விதம்தான் எனக்குக் கைகொடுத்தது.

வகுப்பறைப் பயிற்சிக்கு என்னை அனுப்பியது எழுத்தறிவு வகுப்புக்கு. ஆங்கிலம் மட்டுமல்ல, எந்த மொழியிலுமே பள்ளிக்கூடம் போகாதவர்களும், அரைகுறையாகப் போனவர்களும் அங்கே இருப்பார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார், அறுபது வயது இருக்கும். தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டிருந்தார். வலது ஓரத்தில் பென்சிலை வைத்து இடதுபக்கம் நகர்த்துவார். அவர் ஊரில் எழுத்து அப்படித்தான் ஓடும், அவ்வளவு அவருக்குப் பார்த்துத் தெரியும். வகுப்பு டீச்சர் ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் பச்சை ஸ்கெட்சால் ஒரு புள்ளி வைத்தார். பச்சை என்றால் கிளம்பு, சிக்னல் மாதிரி. வலது ஓரத்தில் சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான் அன்றைய பாடம். பாட்டி பச்சையில் தொடங்கி சிவப்பில் நிறுத்தி, ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். இங்கிலீஷ் டீச்சிங் என்றால் எவ்வளவு கீழேயிருந்து தொடங்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சான்றிதழ் வந்ததும் வேலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதலில் சப்ளை டீச்சர். யாருக்காவது காய்ச்சல் என்றால் காலை ஆறரை மணிக்கு போன் அடிக்கும், எட்டரைக்கு ஊரின் இன்னொரு மூலையில் நிற்க வேண்டும். ஸ்கார்பரோவிலிருந்து எட்டோபிகோவுக்குப் பனியில் பஸ் மாறிப் போவது என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் போனை எடுங்கள். நிரந்தரமாக ஓர் இடம் காலியாகும்போது, கூப்பிட்டால் வருகிறவள் என்ற பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு அப்படித்தான் லிங்க் வகுப்பு கிடைத்தது.

லிங்க் என்பது புதிதாகக் குடியேறியவர்களுக்கு மத்திய அரசு செலவில் 1992 முதல் நடக்கும் இலவச மொழி வகுப்பு. பி.ஆர். உள்ளவர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும் சேரலாம். குடியுரிமை வாங்கிவிட்டால் சேர முடியாது. அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களுக்கும் இடமில்லை. அவர்களுக்கு மாகாண அரசின் பணத்தில் பள்ளி வாரியங்கள் நடத்தும் இ.எஸ்.எல். வகுப்புகள் உண்டு. மாணவர்களின் நிலையை சி.எல்.பி. என்ற பன்னிரண்டு படிநிலை அளவுகோலால் சொல்வார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் 18 முதல் 54 வயது வரையுள்ளவர்கள் பேசுவதிலும் கேட்பதிலும் நான்காம் நிலையைக் காட்ட வேண்டும், லிங்க் சான்றிதழ் அதற்குச் செல்லும்.

இந்தக் கடைசி விஷயத்தால் டீச்சர் கையில் ஒரு வேண்டாத அதிகாரம் வந்து சேர்கிறது. என் வகுப்பில் ஒரு ஹோட்டல் சமையல்காரர் இருந்தார். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருவார், பாதி வகுப்பில் தூங்குவார். "டீச்சர், நாலு குடுங்க. எழுத்து வேண்டாம், பேச்சு போதும்" என்பார். நான் நினைத்தாலும் கொடுக்க முடியாது. அப்போது பி.பி.எல்.ஏ. என்ற முறைப்படி ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு பைண்டர் இருக்கும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் எட்டு, பத்து மதிப்பிட்ட வேலைகள் அதில் சேர்ந்தால்தான் அடுத்த நிலை. டீச்சர்கள் கூடினால் இந்த பைண்டரைத் திட்டாமல் பிரிவதில்லை. திருத்தும் நேரத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் வரும் வேலைகள் எல்லாம் நிஜ வாழ்க்கை வேலைகள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஸ்கூல் மெஷினில் செய்தி விடுவது, மருந்து லேபிளைப் படிப்பது, வீட்டு ஓனருக்கு ஹீட்டர் ஓடவில்லை என்று எழுதுவது. சமையல்காரர் ஸ்கூலுக்கு விட்ட செய்தியைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். மகளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, போன் நம்பரை இரண்டு முறை நிதானமாகச் சொல்லியிருந்தார். பேச்சில் நாலாம் நிலை அவருக்கு நியாயமாகவே வந்தது, கொஞ்சம் தாமதமாக.

உச்சரிப்பு பற்றிக் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சேலையிலோ சுடிதாரிலோ ஒரு தமிழ்ப் பெண் உள்ளே வந்தால், "கனேடியன் டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்கத்தான் செய்வார்கள். நேர்முகத்திலும் இதே கேள்வியைப் பூசி மெழுகிக் கேட்பார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை, பாடத்தைத் தொடங்கிவிடுவேன். இரண்டு வாரத்தில் அந்தக் கேள்வி காணாமல் போய்விடும். நாமும் இந்த மொழியை உட்கார்ந்து படித்தவர்கள்தானே, எங்கே இடறும் என்று தெரியும். அழுத்தத்தை எந்த அசையில் வைப்பது என்று நான் மேஜையைத் தட்டிக் காட்டுவது, எனக்கே அது ஒரு காலத்தில் தட்டித்தான் விளங்கியது என்பதால். ஈழத்து அம்மாக்கள் இருக்கும் வகுப்பில் வேறொரு சோதனை உண்டு. "பிள்ளை, தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்பார்கள். ஒருத்தருக்குச் சொன்னால் அரபி பேசுகிறவரும் மாண்டரின் பேசுகிறவரும் என்ன செய்வார்கள்? இடைவேளையில் மட்டும் சொல்வேன்.

லிங்கில் இருந்துகொண்டே பகுதிநேரமாக மொழியியலில் இன்னொரு எம்.ஏ. முடித்தேன். காலேஜில் டீச்சராகச் சேர அது பெரும்பாலும் தேவைப்படுகிறது. யார்க், கார்ல்டன், ப்ராக் பல்கலைக்கழகங்களில் பயன்பாட்டு மொழியியல் முதுகலை இருக்கிறது. கட்டணம் கொஞ்சநஞ்சமல்ல, கணவருக்கு நிரந்தர வேலை இருந்ததால் துணிந்தேன். இதை மறைத்துவிட்டு என் உழைப்பு என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

காலேஜில் வந்தவர்கள் முழுக்க வேறு ரகம். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பஞ்சாப், குஜராத், கொஞ்சம் கோயம்புத்தூர், திருச்சி. ஐஇஎல்டிஎஸ்ஸில் ஆறு வாங்கியாயிற்று, பிறகு எதற்கு இன்னும் இங்கிலீஷ் என்ற எரிச்சல் முகத்திலேயே தெரியும். முதல் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு ஒரே முதல் வரி. எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் பொருந்துகிற மாதிரி கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்து கொடுத்த வரி. அந்தத் தேர்வில் நாற்பது நிமிஷத்தில் 250 வார்த்தை எழுதினால் போதும். இங்கே நாலு கட்டுரைகளைப் படித்து, யார் என்ன சொன்னார் என்று பிரித்துக்காட்டி, தன் வாக்கியத்தில் எழுத வேண்டும். பிளஸ் டூ வரை புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் முழு மார்க் வாங்கிய பிள்ளையிடம், இங்கே அதற்குப் பெயர் திருட்டு என்று ஒரே நாளில் சொன்னால் எப்படி ஏறும்? அதனால் முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு பத்தியை வைத்துக்கொண்டு, மூடிவைத்துச் சொல்லச் சொல்வேன். சொன்னதைத்தான் எழுத வேண்டும். நான் நடத்தியதில் எனக்கே பிடித்த பாடம் இதுதான்.

சம்பள விஷயம் இங்கேதான் சிக்கல். ஒன்டாரியோ காலேஜ்களில் வாரம் ஆறு மணி நேரம் வரை நடத்தினால் பார்ட் டைம். ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை பார்ஷியல் லோட். அதற்கு மேல் போனால் செஷனல். முழுநேரத்துக்கும் பார்ஷியல் லோடுக்கும்தான் தொழிற்சங்க ஒப்பந்தம் பேசும், மற்ற இரண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆறு மணி நேரமா ஏழு மணி நேரமா என்பது இங்கே பெரிய விஷயம். 2017இல் ஆசிரியர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்ததில் இந்தத் தற்காலிக வேலைப் பிரச்சினைக்கும் பெரிய பங்கு உண்டு. செமஸ்டருக்கு செமஸ்டர் ஒப்பந்தம். டிசம்பரில் முடிந்தால் ஜனவரிக்கு என்ன என்பது சில சமயம் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் தெரியும்.

அப்புறம் 2024. ஜனவரியில் மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த வருஷத்துக்குச் சுமார் 3,60,000, முந்தைய வருஷத்தைவிட 35 சதவீதம் குறைவு. நவம்பரில் இந்திய மாணவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்த எஸ்.டி.எஸ். என்ற வேக வழியையும் மூடினார்கள். எங்கள் துறையில் மாணவர் எண்ணிக்கை சரிந்து, செக்‌ஷன்கள் ஒன்றோடொன்று இணைந்து, என்னைவிட மூத்தவர்களுக்கே மணி நேரம் போதவில்லை. அந்தப் பக்கம் லிங்க் வகுப்புகளுக்கான பணமும் சுருங்கியது.

வேலைக்குப் போகிறவர்கள் நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்கும் முன், வகுப்பு யார் பணத்தில் நடக்கிறது என்று கேளுங்கள் என நான் சொல்வது இதனால்தான். மத்திய அரசு, மாகாண அரசு, மாணவர் கட்டணம் என்று மூன்று உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் வற்றுவது அபூர்வம், அதனால் இரண்டிலாவது கால் வைத்திருப்பது நல்லது. என்னுடன் பயிற்சி முடித்த தோழி ஒருத்தி முழுக்கக் காலேஜை நம்பினாள், இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். நன்றாகத்தான் சம்பாதிக்கிறாள், வகுப்பறையைத்தான் தேடுகிறாள்.

இப்போது வரலாமா என்று கேட்டால், இந்த வேலையை மட்டும் நம்பி வராதீர்கள். வேறு காரணத்துக்கு வருகிறீர்கள் என்றால் ட்ரான்ஸ்கிரிப்ட் வேலையை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டு, ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கும் எழுதிவிட்டு வாருங்கள். எனக்கு வருகிற செப்டம்பரில் காலேஜில் ஒரு செக்‌ஷன் சொல்லியிருக்கிறார்கள், ஆள் சேர்ந்தால்தான் நடக்கும். பள்ளி வாரியத்தின் மாலை இ.எஸ்.எல். வகுப்பு மட்டும் உறுதி, செவ்வாயும் வியாழனும்.