கடைசி பஸ்ஸுக்கு முன்

முதலாம் வருடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸில் நடந்த விழாக்களில் ஒன்றைக்கூட நான் முடிவு வரை பார்த்ததில்லை.

வீடு புங்குடுதீவு. காலையில் குறிகட்டுவானிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டி யாழ்ப்பாணம் வந்து இறங்குவேன். அங்கிருந்து பலாலி வீதி பஸ் ஒன்று மாறி, பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி நடக்க வேண்டும். திரும்பிப் போவதும் அதே மாதிரித்தான். பின்னேரம் ஐந்தேகாலுக்கு வளாகத்தை விட்டு வெளிக்கிட்டால்தான் எங்கள் பக்கத்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். அதைத் தவறவிட்டால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு. அம்மா தினமும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “இருட்ட முன்னம் வந்திடு பிள்ளை.”

அந்த வருடம் ஒருநாள் வளாகத்தில் கூத்து ஆடினார்கள். அபிமன்யுவின் கதை. போஸ்ரரில் மூன்று மணி என்று இருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிய நாலரை ஆகிவிட்டது. மத்தளச் சத்தம் எழும்பியதும் முன்னால் போய் நிலத்தில் இருந்துகொண்டேன். என் அம்மப்பா ஊரில் கூத்தாடியவர். அவர் ஆடியதை நான் கண்டதில்லை. அவருடைய சதங்கை மட்டும் துணியில் சுற்றியபடி வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. அந்தச் சதங்கைச் சத்தத்தை ஆடுகிற காலில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கட்டியகாரன் வந்து போனான், தருமர் வந்தார், துரோணர் வந்தார். அபிமன்யு தாயிடம் விடைகேட்டு நின்ற இடத்தில் எனக்கு ஐந்தேகால் ஆகிவிட்டது. எழும்பிப் போனேன். பண்ணைப் பாலத்தில் பஸ் ஓடும்போதும் காதுக்குள் மத்தளம் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கன்ரீனில் எல்லோரும் போர்க்களக் காட்சியைப் பற்றித்தான் கதைத்தார்கள். நான் பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல இடையில் எழும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். பருத்தித்துறைப் பக்கம் மூன்று பேர், ஊர்காவற்றுறை இருவர், கொடிகாமம் ஒருத்தி. எங்கள் வகுப்பில் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் இவ்வளவு பேர். விடுதியிலும் போடிங்கிலும் இருப்பவர்களுக்கு விழா முடிந்த பிறகும் ஒரு விழா இருக்கிறது. எங்களுக்குத் தொடக்கம் மட்டும்தான்.

இப்போது எனக்கு மூன்றாம் வருடம். விழாக்களை ஒழுங்கு செய்கிற குழுவில் இந்த முறை நானும் இருக்கிறேன். முதல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது வெண்பலகையில் ‘5.00’ என்று எழுதிவிட்டு இருந்துவிட்டேன். விளக்கம் பிறகுதான் சொன்னேன். புது அணி ஒன்று உள்ளே வந்திருக்கிறது. அவர்களில் தூர இடத்திலிருந்து வந்துபோகிறவர்களுக்காகத்தான், வரப்போகும் மாதங்களில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுகிறேன்.

முதலில் வாணி விழா. நவராத்திரியின் ஒன்பது நாளும் அங்கங்கே பூசை இருக்கும். எங்கள் பகுதிப் பூசையை மத்தியான இடைவேளையில் வைத்திருக்கிறோம். பாட்டுப் பாட விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. அவலும் கடலையும் கிடைக்கும். வளாகத்துக்குள் பரமேஸ்வரன் கோயில் இருக்கிறது, புதிதாக வந்தவர்கள் ஒருதரம் போய்ப் பாருங்கள். சேர் பொன். இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம்தான் இது. 1974 இல் அந்தக் கட்டடங்களில்தான் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. சந்தியின் பெயரில் இன்னும் அந்தக் கல்லூரி இருக்கிறது.

அதற்கு அடுத்தது பனம்விதை நடுகை. இதைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த முறை அது எங்கள் ஊர்க் கரையில் நடக்கிறது.

ஆவணி, புரட்டாதியில் விழுந்த பனம்பழங்களின் விதைகளை இப்போதே சேர்த்து வருகிறோம். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நட வேண்டும். பனையை மற்ற மரங்களைப் போலப் பையில் வளர்த்துப் பிறகு கொண்டுபோய் வைப்பது கஷ்டம். விதையிலிருந்து முதலில் கிளம்புகிற முளை மேலே வராது, மண்ணுக்குள் நேரே கீழே இறங்கும். நாங்கள் பாத்தியில் கிண்டி அவித்துச் சாப்பிடுகிற பனங்கிழங்கு அதுதான். அதனால் எந்த இடத்தில் மரம் நிற்க வேண்டுமோ அந்த இடத்திலேயே விதையைப் போட வேண்டும். ஆண் பனையா பெண் பனையா என்பது பூக்கும்வரை தெரியாது. அதற்கு 15 வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அப்போது எங்களில் யார் எந்த நாட்டில் இருப்போமோ தெரியாது. ஆனால் 1991 இல் எங்கள் தீவுச் சனம் இடம்பெயர்ந்து போனபோது வீடுகளுக்குக் காவலாக நின்றவை பனைகள்தான் என்று அம்மா சொல்வார். திரும்பி வந்தவர்கள் தங்கள் வளவின் எல்லையை அந்த மரங்களை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம். கூரை இல்லாத வீடுகள் இன்னும் எங்கள் ஒழுங்கையில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிப் பனைகளும் நிற்கின்றன.

அன்றைக்கு எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஊருக்கு பஸ் ஏறி வருவார்கள். கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் அன்று அவர்கள்தான், நான் அல்ல. ஆகவே நேரத்தை நானே பார்த்துவைத்திருக்கிறேன், மூன்றரைக்கு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். மத்தியானம் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டு அம்மா பெரிய பானையில் காய்ச்சுவார். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு வேறு பானை. நுவரெலியாவிலிருந்து வந்து படிக்கும் என் தோழி ஒருத்தி இதுவரை பிளாவில் கூழ் குடித்ததில்லை. ஓலையை மடித்துப் பிளா கோலுவது எப்படி என்று அவளுக்குக் காட்டித் தருவதாக அம்மம்மா சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள். மண்வெட்டி நாங்கள் தருவோம்.

பிறகு இரத்ததான முகாம். முதலாம் வருடம் நானும் வரிசையில் நின்றேன். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் இரும்புச்சத்துக் காணாது, இப்போது எடுக்க முடியாது என்று தாதி மிக அன்பாகச் சொல்லி அனுப்பினார். வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தால், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. காலை ஐந்தரைக்கு எழும்பி வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறுகிற பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இந்தக் குறை இருக்கும். அந்தக் குத்து இல்லையென்றால் எனக்கும் தெரிந்திருக்காது. வைத்தியரிடம் போனேன், குளிசை தந்தார். அம்மா கிழமைக்கு மூன்று நாள் முருங்கையிலை வறை வைத்தார். இரண்டாம் வருடம் இரத்தம் கொடுத்தேன், இந்த வருடமும் கொடுக்கப் போகிறேன்.

18 வயது முடிந்து, 60 வயதுக்கு உட்பட்டு, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள சுகதேகிகள் கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். முகாமை ஐப்பசியில் வைக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கும் வந்துவிடும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இரத்தத்தின் தேவை கூடும். சிவப்பணுக்களைக் குளிரூட்டியில் ஐந்து கிழமையளவில் வைத்திருக்கலாம், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. எப்போதோ ஒருநாள் எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்துவிட்டு இருந்தால் போதாது, தேவைப்படுகிற காலத்தை ஒட்டிக் கொடுக்க வேண்டும். முகாம் காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை. வெறும் வயிற்றோடு வராதீர்கள். கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் இருந்து, ஏதாவது குடித்து, ஆறுதலாகப் போங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டியவர்கள் காலையிலேயே வந்து கொடுத்துவிடுங்கள்.

பீடங்களுக்கிடையிலான விளையாட்டுகளும் இருக்கின்றன. அதைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன். பொறியியல், விவசாய பீடத்துப் பிள்ளைகள் கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்து வர வேண்டும். அவர்களுடைய ஆட்டங்களை முதலில் வையுங்கள். ஏ-9 வீதியில் இரவில் திரும்பிப் போவதைவிட வெளிச்சத்தில் போவது நல்லது.

கார்த்திகையில் பறவை பார்க்கும் நடை ஒன்று, பண்ணைக் கடல்நீரேரிப் பக்கம். காலை ஆறரைக்கு. நான் தினமும் பஸ் யன்னலால் பார்க்கிற இடம் அது. மழை தொடங்கினால் வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கிவிடும், சில வருடம் பூநாரைகளும் நிற்கும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். நின்று பார்க்க இப்போதுதான் வாய்ப்பு. விலங்கியல் படிக்கும் அண்ணா ஒருவர் தொலைநோக்கி கொண்டு வருகிறார்.

எனக்கு மிகவும் விருப்பமான இன்னொன்று, கல்வெட்டுச் சேகரிப்பு. கோயில் கல்வெட்டை நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுப்பார்களே, தேவாரமும் புலம்பலும் வம்சாவளியும் போட்டு, அந்தச் சிறு புத்தகம். வீட்டு அலுமாரிகளில் அடுக்கடுக்காகக் கிடக்கும், வீடு மாறும்போது எரித்துவிடுவார்கள். ஆனால் யார் எந்தக் குறிச்சியில் இருந்தார், எங்கே கடை வைத்திருந்தார், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தார் என்பதெல்லாம் வேறெங்கும் எழுதப்படாமல் அதில் மட்டும் இருக்கும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனது போய்விட்டது. 2005 இலிருந்து ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை இலத்திரனியல் வடிவில் சேர்த்து வருவதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் இந்த யோசனை வந்தது. வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள், வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். என் அம்மப்பாவின் கல்வெட்டை நான் கொண்டு வருகிறேன். அவர் எந்தெந்தக் கூத்தில் என்ன வேடம் கட்டினார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது.

கடைசியாக, மார்கழியில் கூத்து.

இதில்தான் குழுவுக்குள் வாக்குவாதம் வந்தது. நான்காம் வருட அண்ணா ஒருவர் நன்றாக ஆடுவார், கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் முறையாகப் பழகியவர். “கூத்து எண்டால் இரவிலதான் தங்கச்சி. லைற் வெளிச்சத்திலதான் உடுப்பு மினுங்கும். பகலில ஆடினா அது ஒத்திகை மாதிரி இருக்கும்” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சனம் சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கலை அது. ஆனால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்ன செய்தார்? விடியும்வரை போகிற கூத்தைச் சில மணித்தியாலத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அதுவரை கூத்தை நாட்டுப்புறத்து விஷயம் என்று ஒதுக்கியவர்கள் வந்து இருந்து பார்த்தார்கள். 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவரும் அவர்தான். பார்க்க வருகிறவருக்காக நேரத்தைச் சுருக்குவது கூத்துக்குச் செய்கிற குறை இல்லை என்று நான் சொன்னேன். அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப கைலாசபதி கலையரங்கில வைப்பம். உள்ளே இருட்டாக்கலாம், லைற்றும் போடலாம்” என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை. கூத்தாடுகிறவருக்குத்தான் அது தோன்றியது.

ஆகவே பின்னேரம் ஒன்றரைக்குக் கதவு திறக்கும். ஒரே ஒரு வரவேற்புரை, ஐந்து நிமிடம். மற்றப் பேச்சுகளைக் கூத்து முடிந்த பிறகு வைத்திருக்கிறோம், இருக்கக்கூடியவர்கள் இருந்து கேட்கட்டும். அபிமன்யுவின் கதைதான், நான்தான் கேட்டு வாங்கினேன். நாலரைக்கு மங்களம் பாடிவிடுவார்கள். அம்மாவும் அன்று என்னோடு வருகிறார், சதங்கையையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கட்டி ஆட அண்ணா சம்மதித்துவிட்டார்.

எல்லா நிகழ்ச்சிக்கும் போஸ்ரர் பத்து நாளைக்கு முன்னமே ஒட்டப்படும். முந்தின நாள் பின்னேரம் ஒட்டினால் வீட்டில் கேட்டுவிட்டு வர எங்களுக்கு நேரம் இருக்காது. ஒவ்வொன்றின் அடியிலும் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும், அதற்குக் கீழே ஒவ்வொரு பக்கத்துக்குமான கடைசி பஸ் நேரமும் போடப் போகிறோம். தீவுப்பகுதி, பருத்தித்துறை, கொடிகாமம் நேரங்களை நானும் தோழிகளும் பஸ் நிலையத்தில் நின்று கேட்டு எழுதிவிட்டோம். வட்டுக்கோட்டைப் பக்கமும் கீரிமலைப் பக்கமும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் கலைப்பீடக் கன்ரீனில் என்னைக் கண்டால் சொல்லுங்கள், மத்தியானத்தில் அங்கேதான் இருப்பேன்.